பூசையில் வைத்த நெருப்பு மெஷின்

கண்டி,
ஸ்ரீமுக வருஷம் புரட்டாசி மாதம் 20-ந் தேதி.

கம்பளையில் அரிசிக் கடை நடத்தும் என் தங்கை பரிமளத்தின் புருஷர், மாப்பிள்ளை பொன்னையா அவர்களுக்கு, செல்லச்சாமி க்ஷேமம் சொல்லி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், கமலம், பிள்ளைகள், மாடுகள் யாவரும் சுகம். எங்கள் தெரு நெருப்பு மெஷினும் ஒரு கீறல் இல்லாமல் பரம சுகம். சுகமில்லாமல் போனது என் காப்பி மூட்டைகள் மட்டுமே.

போன வருஷம் மூன்று ஓலைக்கூரைக் கடைகள் எரிந்த பிறகு, தெருக்காரர் கூடி, சீமைக்குத் திரும்பின ஒரு தோட்டத் துரையிடம் தீயணைக்கும் அந்தக் கைப்பம்பு மெஷினை வாங்கினதும், அதை இழுக்க மாடு என்னிடம் இருப்பதால் என்னைத் தலைவராக்கினதும், "பதவி தேடி வருது மச்சான், விட்டுராதீங்க" என்று நீங்கள் சொன்னதும் நினைவிருக்கும். விட்டிருக்கலாம். வாசலுக்கு வாசல் பீப்பாயில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பது தலைவர் கடமையாம். பார்த்தேன். ஒன்றில் மாங்காய் ஊறுகிறது, ஒன்றில் கோழி அடைகாக்கிறது. மணி அடித்தால் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு ஓட வேண்டுமாம். ஓடினேன். எதிர்வீட்டுச் சுப்பம்மாவின் குடம் கிணற்றில் விழுந்ததற்கு ஒரு மணி, அடுத்த கடை பளீல் நானாவின் ஆடு கூரைமேல் ஏறினதற்கு ஒரு மணி. "நெருப்புக்குத்தானே நானா மணி?" என்றால், "ஏணி ஒங்ககிட்டத்தானே தம்பி இருக்கு? ஆடு என்ன பறந்தா எறங்கும்?" என்கிறார். ஆறு மாதத்தில் நெருப்பைத் தவிர எல்லாவற்றுக்கும் ஓடினேன் மாப்பிள்ளை.

நெருப்பு வந்தது ஆயுத பூசை அன்று. தராசு, படி, கத்தி, கலப்பை என்று அவனவன் ஆயுதத்தைப் பூசையில் வைக்கும்போது தெருவின் ஆயுதத்தை விடலாமா என்று, நான்தான் சொன்னேன், மறைக்கவில்லை, மெஷினைத் துலக்கிச் சந்தனம் பூசி, தோல் குழாய்க்கும் பொட்டு வைத்து, வாளிகள், ஏணி, மணி எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, மறுநாள் விஜயதசமிக்குப் பூசை பிரிக்கும்வரை எவனும் தொடக்கூடாது என்று உத்தரவும் போட்டேன். உச்சிவேளைக்கு என் சரக்குக் கிட்டங்கியிலிருந்து புகை வருது! கொழும்புக்குப் போக அடுக்கி வைத்த நாற்பது மூட்டைக் காப்பி! மணியடிக்க ஓடினால் மணியின் நாக்கில் மாலை சுற்றியிருக்கு. கத்தினேன். எட்டுப் பேரும் வந்தான்கள். வந்து மெஷினைச் சுற்றிக் கை கட்டி நிற்கிறான்கள்.

"தள்ளுங்கடா!"

"பூசையில இருக்குதுங்களே. தொடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நெருப்பு பூசையில இல்லையேடா!"

அம்மன் கோயில் பூசாரி சொல்கிறார், அம்மன் உத்தரவு இல்லாமல் எடுத்தால் தெருவுக்கே ஆகாது, பூக்கட்டிப் பார்ப்போம் என்று. மாப்பிள்ளை, என் கூரை எரியுது, இவர் நிதானமாக இலை கிள்ளி வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலம் கட்டுகிறார். சுப்பம்மா கண்ணை மூடி எடுத்தாள். சிவப்பு. கூடாதாம். "எதுக்கும் இன்னொரு தரம்" என்றேன். மறுபடி சிவப்பு. மூன்றாம் தரம் பொட்டலத்தை நானே எட்டிப் பார்த்து, வெள்ளையைச் சுப்பம்மா கையில் திணித்தேன். அம்மன் உத்தரவு கொடுத்தாள். கைப்பம்பை அடிக்கிறோம், அடிக்கிறோம், குழாயிலே காற்றுகூட வரல்ல. பூசைக்குக் குழாய் வாயில் சொருகின செம்பருத்தி முழுக்க உள்ளே போய் அடைத்துக்கொண்டது.

அணைத்தது யார் தெரியுமா? பளீல் நானாவும் அவர் கடை ஆட்களும். பூசை, பூ என்ற வழக்கு அவர்களுக்கில்லை. நாங்கள் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தபோதே கிணற்றிலிருந்து குடம் குடமாகக் கை மாற்றிக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார்கள். கமலம் கழுநீர்ப் பானையோடு கடைசியில் நின்றாள். பத்தொன்பது மூட்டை தப்பியது. "என்ன தம்பி, அன்னைக்கு ஆட்டுக்கு வந்த ஏணி இன்னைக்கு வரல்லையே?" என்று மட்டும் நானா கேட்டார். நான் இருமினேன். வாயில புகை.

இதற்கெல்லாம் காரணம் என் வண்டிக்காரன் கறுப்பையாவின் சுருட்டு. தலைவர் என்ற முறையில் விசாரித்தேன். "நான் அந்தப் பக்கமே போகல்லைங்க" என்று அழுதான். அழுதால் நம்புவேனா? பத்து வருஷ வேலையாள் என்றும் பாராமல் நேற்றே அனுப்பிவிட்டேன். கம்பளைக்குத்தான் வருவான். அவனை நீங்களும் சேர்க்க வேண்டாம், வேறு யாரிடமும் வேலைக்குச் சொல்லிவிடவும் வேண்டாம். நான் தலைவர் பதவியையும் விடுகிறேன். அங்கே தோட்டக்காரர் யாராவது மெஷினைக் கேட்டால் உடனே கொடுத்துவிடலாம், ஆள் பாருங்கள்.

பரிமளத்துக்கும் மருமகப் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். உங்கள் நெருப்பு அடுப்புக்குள்ளும் உங்கள் கூரை மழைக்கு மட்டும் நனைந்தும் நீடூழி இருக்க முருகன் அருளட்டும்.

இப்படிக்கு,
செல்லச்சாமி

பின்குறிப்பு: இதை மடிக்கும்போது கமலம் வந்து, "பூசையன்னைக்கு மூட்டைக்குக் கற்பூரம் காட்டிட்டுத் தட்டை மூட்டை மேலயே வச்சிட்டு வந்தீங்களே, அது எங்க?" என்று கேட்டாள். போய்ப் பார்த்தேன். எரிந்த மூட்டைச் சாம்பலுக்குள் கறுத்து நெளிந்து கிடக்கிறது. விசாரணையை முடித்துவிட்டேன். கறுப்பையா வந்தால் வயிறாறச் சோறு போட்டு, முதல் ரயிலில் திருப்பி அனுப்புங்கள். காரணம் கேட்டால் மாடு ஏங்குது என்று சொல்லுங்கள். மெஷினுக்கு ஆள் பார்க்க வேண்டாம். பதவியையும் விடுவதாயில்லை. புதுத் தலைவன் வந்தால் விசாரணையைத் திரும்பத் தொடங்குவான்.