இரைச்சல் நீக்கப்பட்டது

பாட்டைக் காணோம்.

திரையில் பாடகர் தொண்டை நரம்பு புடைக்கக் கத்துகிறார். கிடார்காரர் குதிக்கிறார். கிழிந்த சட்டைகளில் ஊக்குகள் மினுங்குகின்றன. ஸ்பீக்கரில் மட்டும் யாரோ இருமினார்கள். ஒரு நாற்காலி இழுபட்டது. அவ்வளவுதான்.

சவுண்ட் இன்ஜினியர் மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டார். அதே இருமல். அலுவலகத்தில் அவரை எல்லாரும் 'காது சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயருக்கு இன்று ஆபத்து.

இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்குச் சுயபுத்தி கிடையாது. 'இதுதான் இரைச்சல்' என்று ஒரு துண்டைக் காட்டினால், அதை மனப்பாடம் செய்துகொண்டு, அந்தச் சாயலில் இருப்பதையெல்லாம் துடைத்துவிடும். பாட்டுக்கு முன்னால் கேட்ட உறுமலை மின்சாரக் கோளாறு என்று நினைத்துக் காது சார் காட்டிக்கொடுத்தார். அது கிடார். கிடாருக்கும் கத்தலுக்கும் மென்பொருளால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. அதைக் குறைசொல்லவும் முடியாது. குழுவையே பெருக்கித் தள்ளிவிட்டு, இருமலைப் பத்திரமாக வைத்துக்கொண்டது. காது சாரும் சுத்தமாகிவிட்டது என்ற திருப்தியில், கேட்டுப் பார்க்காமல் பழைய ஒலியின் மேலேயே சேமித்துவிட்டார்.

மூலக் கேசட்டும் போய்விட்டது. கேசட்டில் ஒலி என்பது நாடாவின் மேல் பூசிய காந்தத் தூள்தான். கிழட்டு நாடா அன்று காலை கணினியில் ஏற்றுவதற்காக ஒருமுறை ஓடியதுமே தூளை உதிர்த்துவிட்டு வெறும் பிளாஸ்டிக்காகப் படுத்துக்கொண்டது.

படமோ பங்க் ராக்கின் வரலாற்றையும் ஆன்மாவையும் பற்றிய ஆவணப்படம். ஊரின் முதல் பங்க் குழு அந்தக் காலத்தில் நடத்திய ஒரே கச்சேரிதான் அதன் உச்சக்கட்டம். இப்போது குளியலறை டைல்ஸ் கடை வைத்திருக்கும் அந்தப் பாடகர், சாயங்காலம் படம் பார்க்க வருகிறார். அவர் சரி என்றால்தான் சேனல் ஒளிபரப்பும். இல்லையென்றால் படமும் காது சாரும் ஒன்றாக வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். முழங்கால் கிழித்தே விற்கும் ஜீன்ஸ் போட்டிருந்தார். கிழியாததைவிட அதற்கு விலை அதிகம்.

"பங்க்னா என்ன சார்? ஏமாத்து இல்லாத சத்தம். கிடார்ல மூணு கார்டு, மீதியெல்லாம் கோபம். அதையா பெருக்கித் தள்ளினீங்க?"

மிச்சமிருப்பதன் ஒலியை ஏற்றிப் பார்ப்போம் என்றார் காது சார். ஏற்றியதும் இருமல் இடியாக விழுந்தது. பின்னால் ஒரு கொசு பாடியது. அதுதான் குழு.

"அப்ப புதுசா ஒண்ணு ஏமாத்துங்க," என்றார் டைரக்டர்.

கச்சேரியை ஊமைக் கேமராவில் எடுத்திருந்தார்கள், ஒலி தனி என்பதால் அதற்கு இடமிருந்தது. ஓய்வு நேரத்தில் கிடார் வாசிக்கும் கணக்காளரைப் பிடித்து வந்தார்கள். மனிதர் கண்ணை மூடி வாசித்தால் தொட்டிலில் குழந்தை தூங்கிவிடும். கோபமாக வாசிக்கச் சொன்னார்கள், சோகமாக வாசித்தார். காது சார் தந்திகளைத் தளர்த்திவிட்டார். கணக்காளர் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர் கை தானாகப் போய்ச் சுருதி சேர்த்துவிட்டது.

"தப்பா வாசிக்க வரலைங்க. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்," என்றார் குற்ற உணர்ச்சியோடு.

கடைசியில் தந்திகளுக்கு நடுவே அட்டையைச் செருகி, அவர் கையில் குளிர்கால உறை மாட்டினார்கள். கிடார் ஒருவழியாகக் கெட்டது. இனி குரல். டைரக்டர் தானே பாடினார். வாடிக்கையாளர் சேவைக்குப் புகார் சொல்வது போலிருந்தது.

அப்போதுதான் வரவேற்பறை அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஏசி ரிப்பேர், மின்விசிறி ரிப்பேர், கேட்ட விடுமுறை மூன்றாவது முறையாக இல்லை என்றாகிவிட்டது. இத்தனைக்கும் நடுவே இந்த அறையிலிருந்து வரும் சத்தத்துக்கு, போனில் அவரல்லவா பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

"நான் என்ன மனுஷியா, காலிங் பெல்லா?" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. டைரக்டரின் ஜீன்ஸைக்கூட விடவில்லை.

மைக் ஓடிக்கொண்டிருந்தது. குரலின் சுருதியை மென்பொருளில் நாலைந்து படி இறக்கினால் பெண் குரல் ஆண் குரலாகும். திரையில் பாடகரின் வாய் திறந்து மூடுவதோடு சரி, எந்த வார்த்தையும் அதில் பொருந்தும். ஏசி புகார் அப்படியே உட்கார்ந்தது.

சாயங்காலம் பாடகர் மனைவியோடு வந்தார். கச்சேரி ஓடியது. காது சார் திரையைப் பார்க்கவில்லை. பாடகரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் முதலில் இறுகியது, பிறகு கண் கலங்கியது.

"இது என் கோபம்பா," என்று காது சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அதே தொண்டை. இப்பல்லாம் இப்படி நிஜமா கத்த எவனுக்குத் தைரியம் இருக்கு? தாராளமா போடுங்க."

உண்மைக்கு ஒரு தனிச் சத்தம் உண்டு என்றார் டைரக்டர். அவரும் பாடகரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்; தோளில் கை போட்டபடி வெளியே போனார்கள்.

பாடகரின் மனைவி, கைப்பையை எடுத்துக்கொண்டு காது சாரிடம் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"யாரு தம்பி அந்தப் பொண்ணு? அந்தக் காலத்துல இவருக்குப் பதிலா கேசட்டுல நான் கத்தினதைவிட நல்லாவே கத்தியிருக்கா."