ஜல்தியும் பினாங்குப் பாவும்

அவசரம் என்று ஒன்று இந்த உலகத்தில் இருப்பதையே கேள்விப்படாமல் பிறந்து, வளர்ந்து, நரைத்தும் போன ஒரே மனிதர் எங்கள் ஆரணி 'ஜல்தி'தான். இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

ஜல்தி என்பது அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல. பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர் அவர். நூலைக் கொடுத்துவிட்டு எப்போது கிடைக்கும் என்று யார் கேட்டாலும், "ஜல்தி ஆயிடும்ங்க" என்பார். கல்யாணப் புடவைக்கு அரக்குச் சாயம் போடக் கொடுத்தவர்கள், முகூர்த்தத்தைத் தள்ளி வைக்கலாமா என்று புரோகிதரிடம் விசாரித்த கதையெல்லாம் எங்கள் தெருவில் உண்டு. ஆனால் நூல் கைக்கு வந்துவிட்டால் ஒருவரும் பேச முடியாது. அப்படி ஒரு கலர் இருக்கும். சண்டை போட வந்தவர்கள் அடுத்த புடவைக்கும் நூல் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அவர் வீட்டுக்கு எதிரேதான் என் கடையும் வீடும். பட்டுப்புடவை வியாபாரம். கலரில் மட்டும் கெட்டிக்காரராக இருந்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். மனிதருக்கு வாயும் இருந்தது. வந்தவாசிக்கு பஸ்ஸில் போய்த் திரும்பினால், ஒரு வாரத்துக்குச் சொல்லக் கதையோடு வருவார். அதே பஸ்ஸில் பின்சீட்டில்தான் நானும் போயிருப்பேன். நான் பார்த்தது கண்டக்டர் முதுகு. அவர் பார்த்தது கோழிக்கும் ஒரு தாசில்தாருக்கும் நடந்த தகராறு. என் மனைவி மல்லிகா வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, "அப்புறம் இன்னாண்ணா ஆச்சு?" என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பாள். நானும் அந்த பஸ்ஸில்தானே வந்தேன், என்னிடம் ஒரு நாளாவது அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறாளா? இல்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கும் ஒன்றும் இருந்திருக்காது, அது வேறு விஷயம்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊர்ப் பட்டுக்கடைக்காரர்கள் சிலர் கூடி, சிங்கப்பூருக்குப் புடவைகளை எடுத்துப் போய்க் காட்டுவது என்று முடிவு செய்தோம். மெட்ராஸில் கப்பல் ஏறினால் பினாங்கு, கிள்ளான் என்று நின்று நின்று போகும். திரும்பி வரும்போதும் அப்படியே. எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தத் தடவை ஜல்தி தெருவிலேயே உட்கார்ந்திருப்பார், நான் வந்து கதை சொல்வேன், அவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார் என்று மனக்கோட்டை கட்டினேன்.

மல்லிகாவுக்கும் வர ஆசை. கைக்குழந்தை இருந்ததால் முடியவில்லை. கிளம்புகிற அன்று பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"கப்பல்ல போவணும்னு ஆசைப்பட்டது நானு. போறது நீங்க. போய்ட்டு வாங்க. ஆனா ஒண்ணு வுடாம பாத்துகினு வந்து எங்கிட்ட சொல்லணும். நானே போய்ட்டு வந்த மாதிரி இருக்கணும்."

அதற்கென்ன என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் சிரிக்காமல் சொன்னாள் என்பது பஸ் ஆற்காடு தாண்டிய பிறகுதான் உறைத்தது.

மெட்ராஸ் துறைமுகத்தில் எங்களுக்கு முன்பே வந்து, தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார் ஜல்தி. எங்களோடு வர வேண்டிய கடைக்காரர் ஒருவரை, கடல் தாண்டக் கூடாது என்று அவருடைய அம்மா நிறுத்திவிட்டாராம். அவர் தனக்குப் பதிலாக, அந்த ஊரில் என்ன கலர் ஓடுகிறது என்று பார்த்து வரச் சொல்லி, தன்னுடைய சாயக்காரரை அனுப்பி வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் முதற்கொண்டு எல்லாம் எனக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது.

கப்பல் கிளம்பியதும் நாங்கள் எல்லாரும் வாந்தி எடுத்துப் படுத்துவிட்டோம். ஜல்தி எங்கள் பங்குச் சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நிற்பார். காலையில் மயில்கழுத்து, மத்தியானம் ராமர் பச்சை, சாயங்காலம் கத்திரிப்பூ என்று அவர்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். நானும் ஒருநாள் தட்டுத்தடுமாறி எழுந்து வந்து பார்த்தேன். தண்ணீராகத்தான் இருந்தது.

பினாங்கு வந்ததும் எங்களைக் கூட்டிப்போன ஏஜென்ட் எல்லாரையும் நிறுத்தி வைத்து ஒரு சட்டம் சொன்னார். அவர் ஏற்பாடு செய்த வேனில் வந்தால், வேன் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். தனியாக ஊர் சுற்றப் போகிறவர்கள் தாமதமாக வந்தால் கப்பல் போய்விடும், பிறகு ஆரணிவரை நீச்சல்தான். நாங்கள் அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வேனில் ஏறினோம். ஜல்தி மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் அப்டியே ஒரு நடை நடந்துட்டு வரேன்ங்க" என்று எதிர்ப்பக்கம் நடந்தார். தொலைந்தார் என்று நினைத்தேன். பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் நினைத்தேன்.

வேன் கோயில், மலை, கடற்கரை என்று பல இடம் போவதாகத் திட்டம். முதல் இடம் ஒரு துணிக்கடை. அதோடு சரி. ஆரணிக்காரர்களைத் துணிக்கடைக்குள் விட்டால் என்ன ஆகும் என்று அந்த ஏஜென்ட்டுக்குத் தெரியவில்லை, பாவம். ஒருவர் முந்தானையைத் திருப்பிப் பார்க்கிறார். ஒருவர் இழையை உருவி, பல்லில் வைத்து இழுக்கிறார். ஒருவர் நெருப்புப்பெட்டி கேட்கிறார், இழையைக் கொளுத்தி மோந்து பார்க்க. மயிர் பொசுங்கிய வாசனை வந்தால்தான் எங்களுக்குப் பட்டு. இது பட்டே இல்லை என்று கடைக்காரருக்கே நிரூபித்துவிட்டு, பிறகும் கிளம்பாமல் பேரம் பேசினோம். வாங்குவதற்கு அல்ல, பழக்கம். ஏஜென்ட் கதறி எங்களை வேனில் ஏற்றியபோது பொழுது சாய்ந்துவிட்டது. வழியில் கோயில் கோபுரத்தை வேனிலிருந்து கைநீட்டிக் காட்டினார்.

கப்பலில் எல்லாரும் ஏறி முடித்து, ஏணியை எடுக்கப் போகிற நேரத்தில் ஜல்தி வந்தார். மார்பு முழுக்கச் சந்தனம், கழுத்தில் மாலை, வாய் நிறைய வெற்றிலை. நடந்து போன சந்தில் ஒரு தமிழர் வீட்டில் காதுகுத்து நடந்ததாம். தேசூர்ப் பக்கத்திலிருந்து வர வேண்டிய தாய்மாமன் வரவில்லையாம். இவர் ஆரணி என்றதும், நம்ம பக்கத்து ஆள் என்று உட்கார வைத்து, குழந்தையை இவர் மடியில் போட்டுக் காது குத்திவிட்டார்கள். பிறகு விருந்து. நாங்கள் அன்றைக்குச் சாப்பிட்டது ரொட்டியும் வாழைப்பழமும்.

கிள்ளானிலும் அதே கதை. நாங்கள் வேன், துணிக்கடை. அவர் தனி நடை. திரும்பும்போது ஒரு போலீஸ்காரரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, எங்கள் வேனை முந்திக்கொண்டு போனார். போகிற போக்கில் எங்களுக்குக் கையாட்டினார். அன்று கப்பலில் படுத்துக்கொண்டு, மல்லிகாவிடம் சொல்வதற்கு என்ன சேர்ந்திருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். பினாங்கில் துணிக்கடை. கிள்ளானில் துணிக்கடை. கிள்ளான் கடையில் ஃபேன் கொஞ்சம் பெரிது. இதைச் சொன்னால் அவள் கப்பலில் போய்ட்டு வந்த மாதிரி இருக்குமா? எதிர்வீட்டு மனிதர் காதுகுத்துக் கதையை ஆரம்பித்தால் என் கதி என்ன? எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் ஜல்தி நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

சிங்கப்பூரில் புடவைகள் நல்லபடியாகப் போயின. ஆனால் வியாபாரத்தைப் பார்த்தால் ஊரைப் பார்க்க முடியாது. மிச்சம் இருந்தது, திரும்பி வருகிற வழியில் பினாங்கு மட்டும். அங்கே கப்பல் நின்றதும் ஒரு முடிவுக்கு வந்தேன். எல்லாரும் வேனில் ஏறினார்கள். நான் ஏறவில்லை. ஏஜென்ட் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

ஜல்தி போன திசையில் போகக் கூடாது என்று ரோஷம். வேறு திசையில் போகப் பயம். அவர் கண்ணில் படாமல் கொஞ்ச தூரம் பின்னாலேயே போனேன். அவர் பழக்கடையைப் பார்த்து நிற்பார், நாயைப் பார்த்து நிற்பார். ஒரு திருப்பத்தில் ஆளைக் காணோம். நான் பாட்டுக்கு ஒரு சந்தில் நுழைந்தேன். நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

சந்தின் நீளத்துக்குக் கழிகள் நட்டு, வெள்ளை வெளேர் என்று பாவு, அதாவது தறியில் ஏற்றும் முன் நீளமாக விரிக்கிற நூல், இழுத்துக் கட்டியிருந்தது. ஆரணியில் விடிகாலையில் தெருவை அடைத்துக்கொண்டு பட்டுப் பாவு போடுவார்களே, அச்சு அசல் அதேதான். இழை இழையாக வெயிலில் மின்னுகிறது. கடல் தாண்டி வந்து நம் தொழிலைப் பார்த்துவிட்டோமே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். கட்டிய பாவை எங்கள் ஊரில் யாரும் தாண்ட மாட்டோம், குனிந்து நுழையவும் மாட்டோம். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு மரியாதையாகப் போனேன். இது ஜல்தி கண்ணில் படவில்லை, எனக்குத்தான் பட்டது, மல்லிகாவிடம் இதைச் சொல்வேன் என்று ஒரே பூரிப்பு. சுத்தப் பட்டுதானா என்று தெரிந்துகொண்டுவிட்டால் கதை முழுசாகிவிடும். அறுந்து தொங்கிய ஓர் இழையைக் கிள்ளினேன். நெருப்புப்பெட்டியை எடுத்துக் கொளுத்தி மோந்து பார்த்தேன்.

மயிர் பொசுங்கிய வாசனை வரவில்லை. சப்பாத்தி கருகிய வாசனை வந்தது. என்ன ஜாதிப் பட்டு இது என்று நான் இன்னோர் இழையைக் கொளுத்தியபோது, உள்ளேயிருந்து ஒரு சீனத்து அம்மாள் ஓடி வந்து என் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை எனக்குப் புரியவில்லை. ஆனால் வசவு என்பது எந்த பாஷையிலும் வசவுதான். அக்கம்பக்கத்திலிருந்து கூட்டம் சேர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் கப்பல் ஊதியது.

மல்லிகாவும் குழந்தையும் கண்முன்னால் வந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கொய்யாப்பழம் கடித்தபடி ஜல்தி வந்தார். என்னைப் பார்த்தார், பாவைப் பார்த்தார், என் கையிலிருந்த நெருப்புப்பெட்டியைப் பார்த்தார். ஓர் இழையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். கண்ணை மூடி ருசித்துவிட்டு, அந்த அம்மாளைப் பார்த்து ரொம்ப நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டினார்.

"தம்பி, இது பட்டு இல்ல. சேமியா மாதிரி ஒண்ணு. உப்பு கூட போட்டுகீறாங்க."

பிறகு தன் வேட்டியைக் காட்டி, நூல் இழுப்பதுபோல் கையால் காட்டி, என்னைக் காட்டி, தலையில் தட்டிக்கொண்டார். அந்த அம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. காலரை விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கூட்டமே சிரித்தது. எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, அந்தப் பாவிலேயே கொஞ்சம் அறுத்து வேகவைத்து ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்தாள். கப்பல் மறுபடியும் ஊதியது. ஓடலாம் என்று கெஞ்சினேன்.

"ஊதி ஊதித் துன்னு, சுடுது" என்றார் ஜல்தி. "நம்ப ஆளுங்க வேன்ல எங்க போய்கீறாங்க?"

"துணிக்கடைக்கு."

"அவுங்க வராம கப்பல் போவாது. அவுங்க எங்க ஜல்தி வரப்போறாங்க?"

அதுவரை அந்த மனிதர் அவசரப்படாமல் இருக்கத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்துவிட்டு, ஆற அமர நடந்து கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வேன் வந்திருக்கவில்லை. மாலுமிகள் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மெட்ராஸ் வரும்வரை எனக்குத் தூக்கம் இல்லை. என் வாழ்க்கையில் எனக்கென்று நடந்த ஒரே கதை அது. அதையும் ஜல்தி முந்திக்கொண்டு மல்லிகாவிடம் சொல்லிவிடுவார். அவர் சொன்னால் அந்தச் சீனத்து அம்மாள் கண்ணெதிரே வந்து நிற்பாள். அதற்கப்புறம் நான் என்னத்தைச் சொல்வது? நாலு கடல் தாண்டி என்னைப் போலப் பொறாமைப்பட்டவன் ஒருவன் இருக்க மாட்டான்.

பயந்தபடியேதான் ஆயிற்று. வீட்டுக்கு வந்து நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஜல்தி எதிர்வீட்டிலிருந்து வந்துவிட்டார். மல்லிகா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலையில் சாய்ந்து நின்றாள். என்னைப் பார்த்தாள், பிறகு வழக்கம்போல அவர் பக்கம் திரும்பினாள்.

"சொல்லுண்ணா, இன்னா இன்னா பாத்தீங்க?"

ஜல்தி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு இன்னாம்மா தெரியும்? தலைசுத்தல்னு நான் கப்பல்லயே படுத்துகினு இருந்தேன். ஊரெல்லாம் சுத்தினது இவருதான். இவரைக் கேளு."

சொல்லிவிட்டு, நின்றுகூடப் பார்க்காமல் போய்விட்டார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மல்லிகா என் பக்கம் திரும்பி நின்றாள். பாவிலிருந்து ஆரம்பித்தேன். செருப்பைக் கழற்றினதைச் சொல்லும்போதே அவள் உட்கார்ந்துவிட்டாள். நெருப்புப்பெட்டியை எடுத்த இடத்தில், "அய்யய்யோ, அப்புறம்?" என்றாள். சட்டைக் காலரைப் பிடித்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாமல் குழந்தையும் சிரித்தது. அந்தச் சந்து எவ்வளவு அகலம், அந்த அம்மாள் என்ன உடுத்தியிருந்தாள், கிண்ணம் என்ன கலர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

மறுநாள் சாயப் பட்டறைக்குப் போய், ஏன் அப்படிப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். கொப்பரையில் நூலைப் புரட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"கப்பல் பூரா பேசிகினே வந்தேன் இல்ல? வாய் வலிச்சிது தம்பி."

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் எதிரும் புதிருமாகக் குடியிருந்தோம். ஒரு நாளும் அந்த மனிதருக்கு வாய் வலித்து நான் பார்த்ததில்லை. காதுகுத்துக் கதையை வந்தவாசி பஸ்ஸில் யார் யாரிடமோ சொன்னார். எங்கள் வீட்டு வாசலில் மட்டும் கடைசிவரை சொல்லவே இல்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய கலர், வாய், நடை இது எதன்மேலும் எனக்கு இப்போது பொறாமை இல்லை. கையில் இருந்த கதையை அப்படி விட்டுக்கொடுத்துவிட்டுப் போக ஒரு மனசு வேண்டுமே, அதை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் பொறாமையாகத்தான் இருக்கிறது.