மூன்று முறை போன கரண்ட்

மிக்ஸி ஒரே ஒரு முறை உறுமியது. அதோடு வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

"போச்சா? வடைக்குப் பருப்பு பாதிகூட அரையலை. பூஜைக்கு நேரமாச்சு" என்றாள் தாரணி.

முரளிதரன் ப்ளக் பாயிண்டைப் பார்த்தான். மைசூரில் இந்த வாடகை வீட்டுக்கு வந்த நாள் முதல் அது சிங்க்குக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருக்கிறது. குழாயைத் திறந்தால் அதன்மேல் தண்ணீர் தெறிக்கும். "அதைத் தள்ளி வைக்கச் சொல்லுங்க, என்னைக்காவது ஒரு உசுரு போகப்போகுது" என்று தாரணி மூன்று வருடமாகச் சொல்கிறாள். "தசரா முடியட்டும்" என்று அவனும் மூன்று தசராவாகச் சொல்கிறான். இத்தனைக்கும் அவன் தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசர். 'ஈரக்கையால் சுவிட்சைத் தொடாதீர்' என்று இரண்டு மொழிகளில் பலகை மாட்டியவன்.

இன்று ஆயுத பூஜை. காலையில் வீட்டுச் சாமான்களை எல்லாம் துடைத்துப் பொட்டு வைத்தவனும் அவன்தான். ப்ளக் பாயிண்டின் ஓட்டைகளுக்கும் சந்தனம் தாராளமாகக் கிடைத்திருந்தது.

"சந்தனத்தையா உள்ள விட்டீங்க?"

"மூணு ஓட்டை இருக்கு. ஒண்ணுக்கு வச்சு ஒண்ணை விடச் சொல்றியா?"

எலக்ட்ரீஷியன் லிங்கப்பனுக்குப் போன் போட்டான்.

"இன்னைக்கு ஆகாதுங்க சார். டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் சாமி முன்னாடி இருக்குதுங்க. நாளைக்குத்தான் எடுக்கோணும். நீங்க எதையும் தொட்டுப்போடாதீங்க. சுண்டல் சாப்பிட வேணா வாரேனுங்க."

தொடாதே என்று சொன்னால் முரளிதரனுக்குக் கை சும்மா இருக்காது. மெயின் பெட்டி வாசல் கதவுக்கு மேலே, காலண்டருக்குப் பின்னால் இருந்தது. அடுப்படி சுவிட்சை அணைத்துவிட்டு, தரையில் நின்றபடியே துடைப்பக் கட்டையால் காலண்டருக்குப் பின்னால் துழாவினான். எதுவோ மேலே ஏறியது, கரண்ட் வந்தது.

"இதுதான் அனுபவம்" என்றான்.

பிறகு ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தான். துடைக்கும் வேகத்தில் முழங்கை இடித்து சுவிட்ச் ஆன் ஆகிவிட்டது. விரலில் சுருக்கென்றது. அந்த நொடியே கரண்ட் போனது.

விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முழுசாக இருந்தது. அடுப்படி ஜன்னலில் சாமுண்டி அம்மன் மலை தெரிந்தது.

"தாரணி, நான் செத்திருக்கணும். ஆனா கரண்டு தானா நின்னுடுச்சு!"

"நின்னுடுச்சில்ல? நல்லது. கையைத் துடைச்சிட்டு ஓரமா உட்காருங்க."

அவன் உட்காரவில்லை. மறுபடி சுவிட்சை அணைத்து, துடைப்பக் கட்டையை வைத்துக் கரண்டை வரவழைத்தான். கூடத்திலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து வந்து, இடமில்லாமல் சிங்க் விளிம்பில் வைத்தான்.

"அங்க வைக்காதீங்க!"

"பேலன்ஸ் பண்ணி வச்சிருக்கேன், பயப்படாதே" என்றபடி, சிங்க்கில் தேங்கி நின்ற தண்ணீரில் சந்தனக் கையை அலசினான். வயர் இழுபட்டது. பாக்ஸ் அவன் கைக்குப் பக்கத்திலேயே தண்ணீருக்குள் விழுந்தது.

டப்.

ஃபேன் நின்றது. ஃப்ரிட்ஜின் சத்தம் நின்றது. முரளிதரன் தண்ணீரில் கை வைத்தபடி உயிரோடு நின்றிருந்தான்.

"கையை வெளிய எடுங்க" என்றாள் தாரணி. ப்ளக்கைப் பிடுங்கக் கூடத்துக்குப் போனாள்.

முரளிதரன் மலையைப் பார்த்து அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொதுவாகச் சாமி விஷயத்தில் மனைவிக்குத் துணையாக நிற்பவனே தவிர, உருகுகிறவன் இல்லை. இன்று உருகினான். இனி வாழ்நாள் முழுக்க வெள்ளிக்கிழமைதோறும் மலையின் ஆயிரம் படியும் ஏறுவதாக வேண்டிக்கொண்டான்.

தாரணி மீதிப் பருப்பைக் கீழ்வீட்டு பசம்மாவின் மிக்ஸியில் அரைத்து வந்தாள். பூஜை முடிந்தது. சுண்டலுக்கு லிங்கப்பனும் வந்து சேர்ந்தான். முரளிதரன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"லிங்கப்பா, ஒரு தடவைன்னா தற்செயல்னு சொல்லலாம். மூணு தடவை! கை வைக்கிறேன், கரண்ட் போகுது. அம்மன் இந்த வீட்டுக்குள்ளதான் இருக்கா. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்குது பாரு."

தாரணி இலையில் இன்னொரு கரண்டி சுண்டல் வைத்தாள்.

லிங்கப்பன் எழுந்துபோய் ஸ்டூலில் ஏறிக் காலண்டரைத் தூக்கினான். பழைய பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று புதுசாக ஒரு சின்னப் பெட்டி இருந்தது.

"கரண்ட் துளி தப்பான வழியில போனாலும் இது தானா அணைச்சுப்போடுமுங்க சார். போன மாசம் நீங்க டூட்டியில இருந்தப்ப அக்காதான் கூப்பிட்டுப் போடச் சொன்னாங்க. 'எங்க வீட்டுக்காரர் சேஃப்டி ஆபீசர், என்னைக்காவது அந்த ப்ளக் பாயிண்டைத் தானே சரி பண்ண இறங்குவார், அன்னைக்கு அவர் உசுரோட இருக்கணும்'னாங்க."