முதல் ஆளை எடுக்குமுன்

புசல்லாவை,
சனிக்கிழமை காலை.

என் அன்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய நவரட்ணராஜா மாமாவுக்கு, மருமகள் சந்திரிகா வணங்கி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, அண்ணன், நான் நான்கு பேரும் நலம். அங்கே நீங்களும் அத்தையும் அத்தையின் முழங்காலும் நலமாக இருக்க முருகன் அருள் புரியட்டும். பேராதனையில் விடுமுறை விட்டார்கள். வந்துவிட்டேன். இங்கே மழை. எப்போதும் போல.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொல்லியும் பார்த்தேன். நீங்கள் ஓம் என்றீர்கள். அதனால்தான் கடிதம். மாமா, கோபிக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் நீங்கள். எதிரே ஒருவர் பேசினால் இடையிடையே ஓம், ஓம் என்பது உங்களுக்கு மூச்சு விடுவதைப் போல. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு 'ம்' போதும், ஓம் என்றால் சரி என்றுதான் எடுத்துக்கொள்வோம். உங்கள் ஓமுக்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை, 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்றுதான் அர்த்தம் என்பது அத்தைக்கே கல்யாணமாகிச் சில வருடம் கழித்துத்தான் புரிந்ததாம். அதற்குள் உங்கள் ஓமை நம்பி ஒரு தையல் மெசினும் ஒரு பசுவும் வீட்டுக்கு வந்துவிட்டன என்று அத்தை சொல்லிச் சிரிப்பார். பசு வந்தால் பால் கறக்கலாம். கோல் கீப்பர் வந்தால் என்ன செய்வது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நாளை ஞாயிற்றுக்கிழமை ஆள் எடுப்பு. உங்களுக்குத் தெரிந்ததைத்தான் திரும்ப எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு மனம் தெளியும். மலைமுகடு கிண்ணத்துக்குக் கால்பந்து ஆடுகிற எல்லாக் கழகங்களும் ஒவ்வொரு வருடமும் தங்கள் ஆட்டக்காரர்களைப் பொதுவில் விட்டுவிட வேண்டும். கம்பளையில், போட்டியை நடத்தும் ஹலீம் நானாவின் மண்டபத்தில் ஆட்டக்காரர்கள் சுவரோரம் நிற்பார்கள். கழகத் தலைவர்கள் முறை வைத்து ஒவ்வொருவராகக் கேட்பார்கள். கேட்கப்பட்டவன் போய்த் தன் கழகத்துக் கதிரையில் உட்காருவான். போன வருடம் கடைசியாக வந்த கழகத்துக்கு முதல் ஆளை எடுக்கும் உரிமை. போன வருடம் கடைசியாக வந்தது நீங்கள் தலைவராக இருக்கும் நமது நீலவானம் விளையாட்டுக் கழகம். ஏன் கடைசியாக வந்தோம் என்பது நாவலப்பிட்டி முழுக்கத் தெரியும். ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவருக்கு ரயில்களைத் தடம் மாற்றத் தெரியும், ஆட்களை மாற்றத் தெரியாது என்று ஸ்டேசனடித் தேநீர்க் கடையில் பேசிக்கொள்கிறார்கள். நான் சொல்லவில்லை. கேட்டேன்.

போன வருட ஆள் எடுப்பன்று நானும் அங்கே இருந்தேன். ஹலீம் நானா பாவம், நல்ல எண்ணத்தோடுதான் உங்களுக்கு ஒவ்வொருவனைப் பற்றியும் விளக்கினார். "மாஸ்டர், இவன் பொன்னையா. கீப்பர். நல்ல நீட்டுக் கை." நீங்கள் ஓம் என்றீர்கள். அவர் எழுதிக்கொண்டார். அடுத்த முறை வந்தபோது, "இந்தப் பொடியனும் கீப்பர்தான், பாய்ஞ்சா புலி மாதிரி." ஓம், ஓம். அதையும் எழுதினார். மூன்றாவது கீப்பரைப் பற்றி அவர் வாயைத் திறந்தபோதே நான் பின்வரிசையில் இருந்து கையை ஆட்டினேன். நீங்கள் என்னைப் பார்த்து அன்பாகத் தலையசைத்துவிட்டு அவரிடம் ஓம் என்றீர்கள்.

"மூணு கீப்பரையும் என்ன செய்யப் போறீங்க மாஸ்டர்?" என்று அவரே கேட்டார்.

"நான் எங்கை எடுத்தனான்?"

"ஓம் எண்டீங்களே."

"அது கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டு சொன்ன ஓம்."

"எங்களுக்கு ஒரே ஒரு ஓம்தான் மாஸ்டர். எழுதினா எழுதினதுதான்."

அதன் பலனை ஒரு வருடம் அனுபவித்தோம். மூன்று கீப்பர்களில் இரண்டு பேரை முன்வரிசையில் ஆட விட்டீர்கள். வேறு வழியில்லை, எனக்குப் புரிகிறது. பொன்னையாவுக்கு முன்னால் வெறும் கோல், எதிரணிக் கீப்பர் சேற்றில் விழுந்து கிடக்கிறார், நம் ஆள் வலப்பக்கத்தில் இருந்து பந்தை அளந்து அனுப்புகிறார், பொன்னையா எம்பி அதை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவ்வளவு அழகான பிடியை நான் பார்த்ததில்லை. நடுவருக்கே விசில் ஊத மனம் வரவில்லை. ஆட்டம் முடிந்து நீங்கள் கேட்டதற்கு, "நான் என்னாங்க பண்றது மாஸ்டர், கையி தானா போகுது" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஒரு மனிதன் தான் எதுவோ அதைவிட்டு வெளியே வர முடியாமல் நிற்பது. பேராதனையில் ஒரு முழுத் தவணை தத்துவம் படித்தும் அதை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

உண்மையைச் சொன்னால் படிப்பில் என் மனம் இல்லை. விரிவுரையாளர் மனிதனின் தெரிவைப் பற்றிப் பேசுகிறார். தெரிவு செய்யாமல் இருப்பதும் ஒரு தெரிவுதான் என்கிறார். எல்லோரும் குறிப்பெடுக்கிறார்கள். நான் நீலவானத்தின் இடது முன்வரிசையைப் பற்றி யோசிக்கிறேன். அங்கே யாரும் இல்லை. ஒரு வெற்றிடம். பஸ்ஸில் வரும்போதும் அதே யோசனை. வெளியே தேயிலை, மழை, திரும்பவும் தேயிலை. உள்ளே அந்த வெற்றிடம்.

ஆகவே முதல் ஆள். நீங்கள் ஸ்ரீஸ்கந்தராசாவை எடுக்கப் போவதாக அத்தை சொன்னார். வங்கிக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருப்பவர், உங்கள் ஊர், உங்கள் பள்ளிக்கூடம், கண்ணாடியை நூலால் தலையோடு கட்டிக்கொண்டு ஆடுபவர். நல்ல மனிதர். அதுதான் பிரச்சினை. யார் மீதாவது தோள் பட்டால் நின்று "மன்னிக்கோணும்" என்கிறார். பந்து போய்க்கொண்டிருக்கும், இவர் மன்னிப்புக்குக் காத்துக்கொண்டிருப்பார். ஊர்க்காரர் என்றால் வீட்டுக்குக் கூப்பிட்டு ஒடியற்கூழ் கொடுங்கள் மாமா. முதல் இடத்தைக் கொடுக்காதீர்கள். இன்னொருவர் கறுப்பையா. பலசாலி, ஆனால் நடுவரோடு சண்டை போடாமல் அவர் ஓர் ஆட்டத்தை முடித்ததில்லை, பாதி ஆட்டத்துக்கு மேல் அவர் மைதானத்துக்கு வெளியேதான் இருப்பார், வெளியே இருப்பவருக்கு எதற்கு முதல் இடம். என் கணக்கு அழகையா. எங்கள் தோட்டத்துப் பையன். இடது கால். பந்து காலில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, இவன்தான் அதோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிறானா என்று தெரியாது. அவன் வந்தால் அந்த வெற்றிடம் நிரம்பும். ஹலீம் நானா உங்கள் முறை என்று சொன்னதும் அழகையா என்று சொல்லுங்கள். அதற்கு முன்னும் பின்னும் எதுவும் வேண்டாம். தலையைக்கூட ஆட்ட வேண்டாம். வாயில் ஒரு ஏலக்காயைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை எழுதியது ஒரு ரசிகை. இனி எழுதுவது தங்கை.

அண்ணனைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரியவில்லை. ராஜலிங்கம் உங்களுக்கும் மருமகன்தான். போன வருடம் கடைசி ஆட்டத்தில் அந்தப் பெனால்டியை அவன் அடிக்க வேண்டியதே இல்லை, அவன் பின்வரிசைக்காரன், முன்னால் இருந்தவர்கள் கீப்பர்கள் என்பதால் யாருக்கும் அடிக்கத் தெரியாமல் அவன் கைக்கு வந்தது. பந்து கோலுக்கு மேலே போய், வேலிக்கு மேலே போய், தேயிலைக்குள் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, "தம்பி, இங்கிட்டு கோல் இல்லப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நின்றீர்கள். அன்று வீட்டில் அவன் சோறு தின்னவில்லை என்றால் கதையாகிவிடும். தின்றான். நன்றாகவே தின்றான். ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் பந்தைப் பற்றிப் பேசுவதில்லை. கம்பளையில் ஹாட்வெயார் கடை வேலை, வீடு, வேலை. சாயங்காலம் எங்கேயோ போகிறான், இருட்டும்போது வருகிறான். கேட்டால், "சும்மாத்தான்" என்கிறான். பேசாத ஒருவனோடு ஒரே வீட்டில் இருப்பது, பூட்டிய அலுமாரிக்குப் பக்கத்தில் படுப்பதைப் போல. உள்ளே என்ன இருக்கிறது என்று நினைத்து நினைத்து நமக்குத் தூக்கம் போகும்.

நாளை அவனும் அந்தச் சுவரோரம் நிற்பான். பெயர் கொடுத்துவிட்டான். யார் அவனைக் கேட்பார்கள். இடத்தைவிட ஆட்கள் அதிகம். எடுபடாதவர்களுக்கு ஹலீம் நானா கடைசியில் பிளேன்டீயும் பனிசும் கொடுப்பார், நல்ல மனதோடுதான். அந்தப் பனிசை ஒருவன்கூட முழுதாகத் தின்று நான் பார்த்ததில்லை. அண்ணன் கையில் அதைப் பார்க்க என்னால் முடியாது. அதற்காக அவனை முதலில் எடுங்கள் என்று கேட்கவில்லை. முதலில் எடுத்தால் ஊர் முழுக்கச் சிரிக்கும், சொந்தக்காரன் என்பார்கள், அவனுக்கும் அது தெரியும். நடுவிலும் வேண்டாம். கடைசிச் சுற்று. எல்லோரும் எழும்பிக் குடையைத் தேடுகிற நேரம். சாதாரணமாக, ஏதோ ஞாபகம் வந்ததைப் போல, ராஜலிங்கம் என்று சொல்லிவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டாம். அவன் முகத்தைப் பார்க்கவும் வேண்டாம். பெயர் மட்டும் போதும். நான் உங்களிடம் கேட்பது அந்த ஒரு சொல்தான்.

வேறு விசேடம் ஒன்றும் இல்லை. அம்மா உங்களுக்காக எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறார், கடிதத்தோடு வருகிறது. அத்தையை மழையில் கோயிலுக்கு நடக்க விடாதீர்கள். உங்கள் கழகமும் உங்கள் குடும்பமும் ஒரு குறையுமில்லாமல் இருக்க இங்கே எல்லோரும் வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் ஆசீர்வாதத்தை எதிர்பார்த்திருக்கும் மருமகள்,
சந்திரிகா.

பி.கு: மாமா, மேலே எழுதியது எதையும் செய்யாதீர்கள். நாவலப்பிட்டிக்குக் கொண்டுவரச் சொல்லி அண்ணனிடம்தான் கடிதத்தைக் கொடுத்தேன். வீட்டில் பசை இல்லை, சோற்றுப் பருக்கையால் ஒட்டிக்கொள் என்று சொன்னேன். அவன் குசினிக்குப் போய்ச் சோற்றுப் பானையைத் திறக்காமல் கடிதத்தைத் திறந்துவிட்டான். முழுவதும் வாசித்தான். நான் வாசலில் நின்றேன். அவனுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். சிரித்தான். ஒரு வருடத்துக்குப் பிறகு.

"கடைசிச் சுத்துல என்னயப் பெறக்கி எடுக்கச் சொல்றியாக்கும்" என்றான். "அடி லூசு, கம்பள கிளப்புக்காரங்க போன வாரமே கடைக்கு வந்து கேட்டுட்டாங்க. மாமாவுக்கு அடுத்த முறை அவங்களுக்குத்தான். என்னயத்தான் எடுக்கப் போறாங்க."

"ஏன் எங்கக்கிட்ட சொல்லல?"

"மாமா மொகத்தப் பாத்து எப்பிடிச் சொல்லச் சொல்ற."

அப்புறம் அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அங்கிட்டுப் போனா நான் வெறும் பின்வரிசை ஆளு. எத்துனா எத்துனேன், விட்டா விட்டேன். இங்க நான் கால தூக்குனா மாமா கண்ண மூடிக்கிறாரு, அத்த சாமி கும்பிடுது, நீ கோட்டுக்கிட்ட நின்னு அழுவுற. ஒரு பந்த எத்துறதுக்கு ஒரு குடும்பமே வேணுமா?"

நான் அழவில்லை. அன்று மழை.

அவன் சாயங்காலம் போவது அழகையாவோடு பயிற்சிக்காம். அந்த இடது கால் எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று அண்ணனுக்கு மனப்பாடம், எதிரணியில் நின்று தடுத்துவிடுவான். ஆகவே அழகையா வேண்டாம், எடுத்தும் பயனில்லை. யாரைக் கண்டால் உனக்குப் பயம் என்று கேட்டேன். உங்கள் ஸ்ரீஸ்கந்தராசாவைத்தானாம். "அந்த மனுசன் இடிச்சிட்டு மன்னிக்கோணுங்கிறாரு. பரவால்ல சார்னு நான் திரும்பிப் பாத்துச் சொல்றதுக்குள்ள பந்து போயிருது." அவரையே எடுங்கள். நான் எழுதியதை அவரிடம் சொல்ல வேண்டாம். அண்ணன் பெயரை எந்தச் சுற்றிலும் சொல்லிவிடாதீர்கள், நாக்கு நுனிக்கு வந்தாலும் விழுங்கிவிடுங்கள். அவன் போகட்டும்.

அவன் உங்கள் எதிரில்தான் நின்றுகொண்டிருப்பான், இதை நீங்கள் வாசித்து முடிக்கும்வரை. தலையைக் குனிந்துகொண்டு. உட்காரச் சொல்லுங்கள். அத்தையிடம் சொல்லிச் சாப்பாடு போடச் சொல்லுங்கள். இனி அவன் கம்பளைக்காரன் என்பதை மட்டும் அவன் சாப்பிட்டுக் கைகழுவி முடியும்வரை அத்தையிடம் சொல்ல வேண்டாம்.