நானூற்றுப் பதினேழின் மகள்கள்

சேத்தியாத்தோப்பு,
வியாழக்கிழமை, காலை மணி பத்து.

அன்பும் படிப்பும் நிறைந்த மாப்பிள்ளை எழிலன் அவர்களுக்கு, ஓய்வு பெற்ற சர்வேயர் தில்லைநாதன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை அமிர்தமும் நலம். எனக்கு முழங்கால் வலியும் அவளுக்கு என்னால் வரும் தலைவலியும் தவிர வேறு குறையில்லை. அங்கு நீங்களும் எங்கள் மகள் இலக்கியாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். சிதம்பரத்துக்கும் நமக்கும் நடுவே ஒரு பஸ் தூரம்தான், இதற்குப் போய்த் தபாலா என்று நீங்கள் கேட்கலாம். வாட்ஸப்பில் நான் அனுப்பிய பதினொரு செய்திக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறீர்கள். அதில் ஒன்று, "மாட்டைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது" என்பது. அதற்குமா கட்டைவிரல், மாப்பிள்ளை? ஆகவே நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததும் இதில் வரும். எழுத்தில் வராத விஷயம் முப்பத்துநாலு வருடம் அரசாங்கத்தில் இருந்தவனுக்கு விஷயமாகவே தோன்றாது.

நம் செவலை கிடேரிக் கன்றாக இருந்தபோது நீங்கள்தான் வந்து அவளை உங்கள் கறவை மாட்டு மரபணு ஆய்வுத் திட்டத்தில் சேர்த்தீர்கள். காதில் மஞ்சள் வில்லை மாட்டினீர்கள், வாலில் மயிரும் கழுத்தில் ரத்தமும் எடுத்துப்போனீர்கள். எந்த மாடு எவ்வளவு கறக்கும், எது நோய் தாங்கும், எது உதைக்கும் என்பதை ரத்தத்தைப் படித்தே சொல்லலாம் என்றீர்கள். பிறகு ஓர் அட்டை வந்தது. தகப்பன் காளை எண் 417, எதிர்பார்க்கும் பால் நாளொன்றுக்குப் பதினாறு லிட்டர் என்று அதில் போட்டிருந்தது. செவலை வளர்ந்து கன்று போட்டதும் பதினாறே கறந்தாள். ஒரு டம்ளர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்கு அப்போதே முதுகில் சில்லென்றது. ஏனென்றால் காகிதத்தில் எழுதியபடி ஒரு பொருள் பூமியில் இருந்ததை என் சர்வீஸில் நான் பார்த்ததே கிடையாது. அந்தக் காளையை ஒரு தடவை போய்ப் பார்க்கலாமா என்று உங்களைக் கேட்டேன்.

"அது செத்துப் பதினோரு வருஷம் ஆச்சு மாமா" என்றீர்கள்.

உங்கள் அத்தை விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "செவலைக்கு நாலு வயசுதானே ஆவுது?"

"விந்தை உறைய வெச்சிருக்கோம் அத்தை. குச்சி குச்சியா, நைட்ரஜன் கேன்ல. இன்னும் அம்பது வருஷம் ஆனாலும் கெடாது" என்று சொல்லிவிட்டு நீங்கள் காபியைக் குடித்துக் கிளம்பிவிட்டீர்கள். செத்தவருக்கு வருடா வருடம் பிள்ளை பிறக்கிறது என்ற செய்தியை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் அன்று சாப்பிடவே இல்லை.

அடுத்ததை இரண்டு மாதத்துக்கு முன்புதான் கவனித்தேன். சாயங்காலம் சரியாக நாலு இருபத்தெட்டுக்குச் செவலை அசை போடுவதை நிறுத்துவாள். தாடை அப்படியே பாதியில் நிற்கும். தலையைத் தூக்கிக் கிழக்கே, கொஞ்சம் தெற்கு சாய்ந்து, சுவரைப் பார்ப்பாள். காது இரண்டும் முன்னால் வரும். வால் ஆடாது. முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் தட்ட மாட்டாள். ஆறேழு நிமிடம் கழித்து ஒரு பெருமூச்சு விட்டு மறுபடி அசை போடுவாள். அந்த நேரத்தில் மடியைத் தொட்டால் ஒரு சொட்டு இறங்காது. சுவரில் பல்லி இருக்கும் என்று நினைத்துச் சுண்ணாம்பு அடித்தேன். சுண்ணாம்பையும் அப்படியே பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் திரும்ப மாட்டாள். ஞாயிறு லீவு எடுக்கிற மாட்டை எங்கே போய்க் கேள்விப்படுவது?

இதைப் பால் சொசைட்டியில் சொன்னால் சிரிப்பார்களே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சிங்காரம், உங்களுக்குத் தெரியும், நம் சொசைட்டியில் பால் அளப்பவன், அவனாக என்னிடம் வந்து, "சார், ஒங்க மாடு சாயங்காலத்துல ஒரு பக்கமா பாக்குதா?" என்று காதோடு கேட்டான். அவன் மாடும் பார்க்கிறதாம். அதுவும் நானூற்றுப் பதினேழின் மகள். நான் அன்றைக்கே பழைய திசைகாட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். மொபெட்டில் சுற்ற ஆரம்பித்தேன். நாளுக்கு ஒரு மாடுதான் முடிந்தது, ஏனென்றால் எல்லா மாட்டுக்கும் அதே நாலு இருபத்தெட்டு. மங்கலம்பேட்டையில் ஒன்று தென்கிழக்கே பார்த்தது. லால்பேட்டை ஜபருல்லா பாய் வீட்டு மாடு வடகிழக்கே. கடலூர் பக்கத்தில் ஒன்று நேர் தெற்கே. பாய் என்னோடு நின்று பார்த்துவிட்டு, "இது ஜாஸ்தி நாளா இப்படித்தான் சார். யாரோ கூப்பிட்டாப்போல திரும்புது. நானும் துவா ஓதிப் பாத்துட்டேன்" என்றார். மொத்தம் பதினொரு மாடு. வீட்டுக்கு வந்து மாவட்ட வரைபடத்தை விரித்துப் பதினொரு கோடு போட்டேன். பதினொன்றும் ஒரே புள்ளியில் போய்க் குத்தின. அங்கே ஒரு தெரு இருந்தது. அந்தத் தெருவில் உங்கள் திட்ட அலுவலகம் இருந்தது.

அதற்காகத்தான் போன மாதம் இலக்கியாவுக்கு முருங்கைக்காய் கொடுக்கிற சாக்கில் சிதம்பரம் வந்தேன். நாலு மணிக்கு உங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்தேன். நாலு இருபத்தேழுக்கு நீங்கள் எழுந்து கையுறை மாட்டினீர்கள். "நைட்ரஜன் எவ்ளோ இருக்குன்னு தினம் அளவு பாக்கணும் மாமா, ஞாயித்துக்கிழமைதான் கிடையாது" என்று சொல்லிக்கொண்டே மூலையில் இருந்த கேனின் மூடியைத் தூக்கினீர்கள். வெள்ளைப் புகை வழிந்து தரையில் இறங்கி என் செருப்பு வரை வந்தது. நான் அத்தைக்குப் போன் போட்டேன்.

"செவலை என்ன பண்றா?"

"திரும்பிட்டா."

நீங்கள் அளவுகோலை உள்ளே விட்டு எடுத்தீர்கள், நோட்டில் எழுதினீர்கள், மூடியை வைத்தீர்கள்.

"இப்ப?"

"மூச்சு விட்டா. அசை போடறா. நீங்க எங்க இருக்கீங்க, ஏன் கொரல் நடுங்குது?"

நீங்கள் நம்பவில்லை. மறுநாள் நான் சொன்னபடி மூன்று மணிக்குத் திறந்து பார்த்தீர்கள். மூன்று மணிக்கே திரும்பினாள். அதற்கு நீங்கள் சொன்ன ஒரே பதில், "இதெல்லாம் ஆய்வுல வராது மாமா." சரி, வராது. ஆனால் வேறொன்று வரும் என்று உங்கள் மேஜையில் என் பட்டியலை வைத்தேன். திரும்புகிற மாடு பதினொன்று. உங்கள் அட்டைப்படி 417-இன் மகள்கள் ஒன்பதுதான். மீதி இரண்டுக்கும், அதாவது ஜபருல்லா பாய் மாட்டுக்கும் பக்கத்துத் தெரு தங்கம்மாள் மாட்டுக்கும், தகப்பன் 471 என்று போட்டிருக்கிறது. 471-இன் மற்ற மகள்கள் எதுவும் திரும்பவில்லை, நான் நாலு மாட்டைப் பார்த்துவிட்டேன். அப்புறம் இந்த இரண்டு மட்டும் ஏன்? இலக்கம் மாறிப்போனதை ஒரு சர்வேயர் கண்டுபிடிக்காமல் வேறு யார் கண்டுபிடிப்பது?

நீங்கள் மறுபடி ரத்தம் எடுத்துச் சோதித்தீர்கள். ஒன்பது நாளுக்கு முன்பு போன் செய்தீர்கள். "நீங்க சொன்னது சரி மாமா. ரெண்டும் 417-தான். நான்தான் மாத்தி ஏத்திட்டேன்." உடனே, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. வேலை போயிடும்" என்றீர்கள்.

மாப்பிள்ளை, போன வருடம் தங்கம்மாள் மாட்டுக்கு எந்தக் காளையின் சினை ஊசி போட்டீர்கள் என்பதும் அட்டையில் இருக்கிறது. 471-இன் மகள் என்று நினைத்து 417-ஐப் போட்டீர்கள். மகளுக்குத் தகப்பனையே போட்டீர்கள். அப்படிச் சேர்ந்தால் ரத்தத்தில் ஒளிந்திருக்கிற குறை இரண்டு பக்கமும் ஒன்றாகிக் கன்றுக்கு இறங்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். பத்து மாதம் சுமந்து அது போட்ட கன்று கண் திறக்கவில்லை, மூச்சு விடவில்லை. தங்கம்மாளுக்கு அந்த ஒரு மாடுதான், வேறு ஆள் துணையும் கிடையாது. பருத்திக்கொட்டையைப் புழுத்ததோடு வைத்துவிட்டோம், அதனால்தான் கன்று போச்சு என்று அந்த அம்மாள் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருக்கிறாள். சொசைட்டிக்கு வருவதில்லை. "பாவி கையி சார் இது" என்று என்னிடம் கையை நீட்டிக் காட்டினாள். நான் அந்தக் கையைப் பார்க்க முடியாமல் மொபெட்டைப் பார்த்தேன்.

உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இதுவரை அத்தைக்குக்கூடச் சொல்லாததை எழுதுகிறேன். மங்கலம்பேட்டைப் பக்கம் வேலை பார்த்தபோது ஒரு நிலத்தின் சர்வே எண் 86/2 என்பதை 82/6 என்று எழுதிவிட்டேன். கோவிந்தசாமி என்ற ஒருவர் அந்த எழுத்தை நம்பித் தன் கூடப் பிறந்தவனைத் திருடன் என்றார். ஒரு வரி திருத்தம் எழுதினால் தீர்ந்திருக்கும். மெமோ வருமே என்று இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். அவர் தம்பியோடு பேசாமலே செத்துப்போனார். சாவுக்குப் போயிருந்தேன். தம்பி தெருமுனையில் நின்றுகொண்டு உள்ளே வராமல் அழுததைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆகவே கேட்கிறேன். நீங்களே வந்து தங்கம்மாளிடம் சொல்லுங்கள். ஜபருல்லா பாய் மாடு இந்த வாரம் பருவத்துக்கு வருகிறது. "இந்த மாசம் ஊசி வேணாம் பாய்" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். காரணம் கேட்கிறார். எத்தனை நாளைக்கு முழங்கால் வலி என்று பேச்சை மாற்றுவது? ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்கள் வராவிட்டால் நானே போய்ச் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு உங்கள் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் இருக்காது. உங்களுக்கும் இருக்காது. நடுவில் இலக்கியாதான் அவதிப்படுவாள்.

மற்றபடி உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். நீங்கள் பல்லாண்டு நல்ல பெயரோடு இருக்க வேண்டும். வேலையும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றுதான் என்றால் பெயர் இருக்கட்டும். இலக்கியாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
தில்லைநாதன்.

பின்குறிப்பு: மணி பதினொன்றே கால். மேலே எழுதிய எதையும் தபாலில் சேர்க்கவேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது உங்கள் பைக் தங்கம்மாள் வீட்டு வாசலில் நிற்பதாக அத்தை சொன்னாள். ஓடினேன். நீங்கள் அந்த அம்மாளுக்கு முன்னால் கைகட்டி நின்று, "தப்பு என்னுதும்மா. நம்பரை மாத்திப் போட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அவள் "அப்ப நான் வெச்ச தீவனம் இல்லியா தம்பி?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றீர்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு உள்ளே போய் உங்களுக்கு மோர் கொண்டுவந்தாள். உங்களை நான் தவறாக எடைபோட்டுவிட்டேன். மன்னிக்கவும்.

பைக்கில் கேன் கட்டியிருந்ததைப் பார்த்து, "அவரா உள்ளே?" என்று கேட்டேன். "காலி மாமா. காலையில எட்டு மணிக்கே 417-ஓட குச்சி அத்தனையும் வெளிய எடுத்து எரிச்சிட்டேன். கடலூர் ஆபீஸ்ல கேனையும் லெட்டரையும் குடுத்துட்டு வந்துடறேன்" என்றீர்கள். இதோ, கிளம்பியும் விட்டீர்கள். பைக் சத்தம் தெருமுனை தாண்டிக் கேட்காமல் போய்விட்டது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். எட்டு மணியிலிருந்து செவலை அசை போடவில்லையாம். அத்தை சொல்லியும் நான் நம்பவில்லை. இப்போது கொட்டகையில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவள் சுவரைப் பார்க்கவில்லை. உங்கள் பைக் போன பக்கமும் பார்க்கவில்லை. சிதம்பரம் ரோட்டைப் பார்க்கிறாள். தலை ஒரே இடத்தில் நிற்காமல், நடந்து வருகிற ஆளைப் பார்ப்பது மாதிரி, மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டே வருகிறது. ரைஸ் மில். பிள்ளையார் கோயில். தங்கம்மாள் வீடு. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. அவள் மாடு ஒரு முறை கத்தியது. இப்போது மறுபடி நகர்கிறது. ரோட்டில் யாரும் இல்லை, வெயில்தான் அடிக்கிறது. நம் வீட்டுக் கேட்டுக்கு நேராக வந்து செவலையின் தலை நின்றுவிட்டது. மடியில் யாரும் கை வைக்காமலே பால் சொட்டுகிறது.

"மசமசன்னு ஒக்காந்திருக்கீங்களே, எழுந்து கேட்டைத் தொறங்க" என்கிறாள் உங்கள் அத்தை. "பொண்ணைப் பெத்தவரு. செவலையைப் பாக்க அவ்ளோ தூரம் நடந்து வந்திருக்காரு."

திறக்கப் போகிறேன்.