மீன் தொட்டியில் போட்ட மோதிரம்

ஜோராவிடம் திட்டு வாங்காமல் கல்யாணம் நடத்திய குடும்பம் எங்கள் திருவண்ணாமலையில் ஒன்றுகூட இருக்காது. பந்தியில் அப்பளம் வராதவர்கூட விட்டுவிடுவார். மாப்பிள்ளையின் சித்தப்பாகூட இரண்டு தடவை சமாதானம் சொன்னால் விட்டுவிடுவார். ஜோரா விடமாட்டார்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பேர் என்னவோ, யாருக்கும் தெரியாது. கல்யாண மேடையில் மைக்கைப் பிடித்தால், "ஜோரா ஒரு கை தட்டுங்க!" என்றுதான் ஆரம்பிப்பார். அதுவே பேராகிவிட்டது. கல்யாணத்துக்கு வந்தவர்களை விளையாட வைப்பது அவர் தொழில். பலூன் உடைப்பது, ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்து நடப்பது, பாட்டு நின்றதும் நாற்காலியைப் பிடிப்பது, இந்த மாதிரி.

இந்த விளையாட்டுகளைப் பற்றி என் அபிப்பிராயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணம் சாமி காரியம். நாலு பேர் வந்து அட்சதை போட்டு, வயிறாரச் சாப்பிட்டு, வாழ்த்திவிட்டுப் போகிற இடம். அங்கே பட்டுப்புடவை கட்டின அம்மாக்களை நாற்காலிக்கு முட்டிமோத விடுவதும், வாழ்த்த வந்தவர்களை வரிசையில் கால் கடுக்க நிறுத்திவிட்டு மேடையில் பலூன் உடைப்பதும் எந்த ஊர் நியாயம்? நான் மாவு மில் நடத்துகிறவன். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. எனக்கே தெரிகிற இது படித்தவர்களுக்கு ஏன் தெரிவதில்லை?

சரி, விளையாட்டு என்றால் சிரிக்கவாவது விட வேண்டும் இல்லையா? அதுவும் கிடையாது. ஜோரா அதைப் பரீட்சை மாதிரி நடத்துவார். கழுத்தில் விசில், சட்டைப் பையில் அளவு டேப், முகத்தில் கடுகு போட்டால் பொரியும்.

கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணம். நாற்காலி ஆட்டத்தில் பெண்ணின் தாய்மாமன் பாட்டு நிற்பதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டார். ஜோரா விசில் ஊதினார்.

"மாமா, நீங்க அவுட்டு. எழுந்திரிங்க."

"யோவ், நான் பொண்ணுக்குத் தாய்மாமன்யா!"

"தாய்மாமனுக்குத் தனி ரூல் இல்லீங்க."

எழுந்திருக்க மாட்டேன் என்று அவர், எழுந்தால்தான் ஆட்டம் என்று இவர். கடைசியில் தாய்மாமனுக்கு அந்த நாற்காலிக்கே சாப்பாட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சாம்பார் முடிந்து ரசம் வரும்வரை ஜோரா பக்கத்தில் விசிலோடு நின்றார். மோருக்குத் தாய்மாமனே எழுந்துவிட்டார்.

இன்னொரு இடத்தில் பலூன் ஊதும் போட்டியில் ஜெயித்தது ஜோராவின் மனைவி. "நடத்துறவன் வூட்டு ஆளுங்க ஆடக் கூடாது" என்று, பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் தூக்கை அந்தம்மா கையிலிருந்து பிடுங்கி, இரண்டாவதாக வந்தவரிடம் கொடுத்துவிட்டார். அந்தம்மா தனியாக டவுன் பஸ் ஏறிப் போனதாகக் கேள்வி.

என் கதைக்கு வருகிறேன். மச்சான் மகன் கல்யாணத்தில் என்னையும் இழுத்துவிட்டார்கள். வாயில் ஸ்பூன், ஸ்பூனில் எலுமிச்சம்பழம். பாதி தூரத்தில் பழம் ஆடியது. கட்டை விரலால் லேசாக, பழம் கீழே விழுந்துவிடக் கூடாதே என்ற ஒரு நல்லெண்ணத்தில், ஒரு தொடு தொட்டேன். அவ்வளவுதான். விசில் மண்டபத்தைப் பிளந்தது.

"மில்லுக்காரரே! நெத்தி நெறைய விபூதி பூசிக்கினு விரல் வெச்சி ஆடறீங்களே!"

மைக்கில்! என் சம்பந்தியாக வரப்போகிறவர்களும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வெறும் எலுமிச்சம்பழத்துக்கு என் பக்தியை இழுத்துவிட்டான் பாவி. அன்றைக்கே வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்: "நம்ம வூட்டுக் கல்யாணத்துல அந்த ஆளு வாசப்படி மிதிக்கக் கூடாது."

மகளுக்கு நாள் குறித்தோம். மாப்பிள்ளை செல்போன் கடை வைத்திருக்கிறார், நல்ல பிள்ளை. அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் உத்தரவு போடுகிறவர் மாப்பிள்ளையின் அத்தை, அதாவது மாப்பிள்ளை அப்பாவின் அக்கா. மாப்பிள்ளையின் அம்மா பேசி நான் கேட்டதே இல்லை. நிச்சயதார்த்தத்தில் காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டதற்கே நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மண்டபத்துக்குப் போனால் வாசலில் விசிலோடு நிற்கிறார் ஜோரா. மாப்பிள்ளை வீட்டு ஏற்பாடாம். சம்பந்தி வீட்டு ஏற்பாட்டை யார் கேட்பது? பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அண்ணாமலையார் புண்ணியத்தில் தாலி கட்டி முடிந்தது. அடுத்தது மோதிரம் எடுப்பது. குடத்துத் தண்ணீரில் மோதிரம் போட்டு, பெண்ணும் மாப்பிள்ளையும் கைவிட்டுத் துழாவுவார்கள். மூன்று தடவை. யார் அதிகம் எடுக்கிறார்களோ அவர் கைதான் வீட்டில் ஓங்கும் என்பார்கள். அதற்கு முன்னால் அத்தை எங்களைத் தனியாக அழைத்தார்.

"எங்க வூட்ல மூணும் புள்ளைதான் எடுக்கணும். பொண்ணு எடுத்தா ஆகாது. சொல்லி வையுங்க."

என் மனைவி மகள் காதில் சொன்னாள். போதாதென்று நானும் போய், "விட்டுக் குடுத்துடு கண்ணு, போற எடத்துல பேரு கெடக் கூடாது" என்றேன். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கபடியில் பள்ளிக்கூடத்துக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவள் அவள். சரி என்று தலையாட்டினாள்.

இந்த நேரத்தில் ஜோரா மேடையேறி, பித்தளைக் குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்தார். அந்த இடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்தார்.

"என்னய்யா இது, மீன் தொட்டி?" என்றார் அத்தை.

"புதுசுங்க. மீனே வுட்டதில்ல. குடத்துக்குள்ள என்ன நடக்குதுன்னு ஜனங்களுக்குத் தெரிய வேணாமா? நூறு கல்யாணத்துல நூறு ஏமாத்து பாத்தவன் நான்."

போதாக்குறைக்கு வீடியோக்காரரைத் தொட்டிக்கு நேராக நிறுத்தி, மேடைக்குப் பக்கத்தில் இருந்த பெரிய திரையில் காட்டச் சொன்னார். வண்டிச் சக்கரம் அளவுக்கு மோதிரம் தெரிந்தது.

விசில். இரண்டு கைகள் தண்ணீருக்குள் போயின. என் மகள் கை ஒரே வீச்சில் மோதிரத்தைப் பிடித்தது. பிடித்துவிட்டு அப்படியே நின்றது. மாப்பிள்ளை கை எங்கேயோ மூலையைத் தடவிக்கொண்டிருந்தது. என் மகள் கை மெதுவாகப் போய், அவர் விரலைப் பிரித்து, மோதிரத்தை உள்ளே வைத்து, மூடியும் விட்டது. மண்டபம் மொத்தமும் பார்த்தது.

"செல்லாது!" ஜோரா துள்ளினார். "பொண்ணே எடுத்துக் குடுக்குது! யாரு சொல்லிக் குடுத்தது? மூணும் முதல்லேருந்து ஆடணும்!"

அத்தை எழுந்து நின்றார். "எங்க புள்ளைக்குப் பிச்சை போட்ட மாதிரி ஊரே பாத்துடுச்சு. எழுந்திரிங்கடி எல்லாரும். இந்த வூட்ல கை நனைக்க வேணாம்."

மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடாமல் எழுந்து போனால் அதற்கு மேல் ஒரு அவமானம் பெண்ணைப் பெற்றவனுக்கு உண்டா? நாளைக்கு அந்த வீட்டில் என் மகள் எந்த முகத்தோடு விளக்கேற்றுவாள்? மேடையில் ஏறி மைக்கைப் பிடுங்கினேன்.

"யோவ்! இது என் பொண்ணு வாழ்க்கைய்யா! உன் விசிலு, உன் தொட்டி, எல்லாத்தையும் எடுத்துக்கினு கெளம்பு!"

அந்த ஆள் அசையவில்லை. "வாழ்க்கைன்றதாலதாங்க சொல்றேன். மொத நாளே கள்ள ஆட்டம் ஆடச் சொல்லுவாங்களா? உங்களுக்குத்தான் விரல் வெக்கற பழக்கம். அந்தப் பொண்ணுக்கு எதுக்குங்க?"

அடித்தே இருப்பேன். மாப்பிள்ளை நடுவில் வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"அத்தை, உக்காருங்க. குடுத்து வாங்குன மோதிரம் எனக்கும் வேணாம். ஆடித் தோத்தா தோத்துட்டுப் போறேன்."

ஆடினார்கள். அதை ஆட்டம் என்று சொல்லக் கூடாது, தண்ணீர்ச் சண்டை. என் மகள் வளையலை முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டு இறங்கினாள். முதலாவது அவளுக்கு. இரண்டாவதில் மாப்பிள்ளை எடுத்துவிட்டார். மூன்றாவதில் முன்வரிசை முழுக்க நனைந்தது. ஜோரா வேட்டியோடு மேடையில் குப்புறப் படுத்து, தொட்டியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். எழுந்து என் மகள் கையை உயர்த்தினார்.

யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள்.

அப்போது ஒரே ஒரு ஆள் தட்டுகிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா. தட்டிக்கொண்டே நாத்தனாரிடம் திரும்பி, "அண்ணி, என் கல்யாணத்துலயும் மோதிரம் மொதல்ல என் கையிலதான் கெடச்சுது. நீங்கதான் காதுல சொன்னீங்க, விட்டேன்" என்றார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா முதல் தடவையாக மனைவியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அப்படியாடி?" என்றார். மண்டபம் சிரித்த சிரிப்பில் கைத்தட்டலும் சேர்ந்துகொண்டது. கொஞ்ச நேரம் பொறுத்து மாப்பிள்ளையின் அம்மாவே அத்தை கையைப் பிடித்துப் பந்திக்கு அழைத்துப் போனார்கள். அத்தை சாப்பிட்டார். பாயசம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார், நானே பார்த்தேன்.

சாப்பாடு முடிந்ததும், பாக்கித் திட்டைத் தீர்த்துவிடலாம் என்று ஜோராவைத் தேடிப் போனேன். துண்டால் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "அவ்ளோ நல்லா ஆடற பொண்ணு அதுங்க. ஆட வேணாம்னு சொல்ல உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துது?" என்றார். சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்டேன். வேலை முடியாமல் சாப்பிடுவதில்லையாம். அதற்கும் ஒரு ரூல்.

கல்யாணத்தில் விளையாட்டு வைப்பது தப்பு என்றுதான் இப்போதும் சொல்வேன். அந்த மனிதர் மேல் உள்ள கோபமும் தீரவில்லை.

போன பிரதோஷத்துக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். அந்த வீட்டில் அவள் சிரித்த முகமாக இருக்கிறாள். மாமியாரும் இப்போது நன்றாகவே பேசுகிறார்களாம். கோயிலில் எல்லோர் பேருக்கும் அர்ச்சனை சொன்னேன். முடித்த பிறகு இன்னும் ஒரு பேர் இருக்கிறது என்றேன்.

"சொல்லுங்கோ" என்றார் குருக்கள்.

"ஜோரா."

"நட்சத்திரம்?"

"தெரியாதுங்க சாமி. நல்லா இருக்கணும், அவ்ளோதான்."