முப்பத்தோராவது அறையில் கோளாறு இல்லை

பாலிக்சி,
ஏப்ரல் 19, சனிக்கிழமை

அன்பு மகள் பெர்மெட்டுக்கு, பாலிக்சி ரயில் நிலையத்தின் ஓய்வுபெற்ற சிக்னல் ரிலே மெக்கானிக்கும் உன் அப்பாவுமான ஒமுர்குல் எழுதுவது.

இங்கே நானும் பசுவும் கூரையும் பத்திரமாக இருக்கிறோம். ஏரி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அங்கே போலந்தில் உன் உடம்பும், உன் வேலையும், உன் அறையில் ஒழுகுவதாகச் சொன்ன வெந்நீர்க் குழாயும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பக்கத்து வீட்டுக் கல்புபு அக்காவின் மருமகன் லாரியோடு உங்கள் பக்கம் வருகிறார். அவரிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு துணிப்பையில் உப்புத் தயிர் உருண்டைகளையும் கொடுத்தனுப்புகிறேன். போனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே கேள்வி கேட்பாய். கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கம்பெனி செய்யும் கணினி விளையாட்டைப் பற்றிப் போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாய்: "அப்பா, ஜூலைல வர முடியாது போலிருக்கு. முப்பத்தொன்னாவது அறையை மறுபடி முதல்லேர்ந்து கட்டணும். ரிலே மெக்கானிக் நீங்களே மூணு மாசமா அதுல நிக்கிறீங்கன்னா, மத்தவங்க என்ன பண்ணுவாங்க? வெளியீட்டை அடுத்த வசந்தத்துக்குத் தள்ளிட்டோம். அது முடிஞ்சாத்தான் எனக்கு லீவு." நான் "வேலைதானே முக்கியம்" என்றேன். போனை வைத்த பிறகு பசுவுக்கு இரண்டு தடவை தண்ணீர் காட்டினேன். இரண்டாவது தடவை அது என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

ஆகவே இந்தக் கடிதத்தின் நோக்கம் ஒன்றே. முப்பத்தோராவது அறையில் கோளாறு இல்லை. கோளாறு முழுவதும் இந்தப் பக்கம். காரணங்களை எழுதுகிறேன், உன் அலுவலகத்தில் யாராவது கேட்டால் அவர்கள் மொழியில் படித்துக் காட்டு.

முதலில், ஜனவரியில் நீ இந்த விளையாட்டைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியபோது நான் எவ்வளவு பொறுப்போடு ஏற்றுக்கொண்டேன் என்பதை அவர்களுக்கு நினைவுபடுத்து. நாற்பது அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கிலிருந்து லேசர் கதிர் கிளம்பும். கண்ணாடிகளைத் திருப்பியும் தர்க்க வாயில்களை நகர்த்தியும், அவற்றின் வழியாக அதை நடத்திக்கொண்டுபோய் மூலையில் இருக்கும் கிண்ணத்தில் சேர்க்க வேண்டும். கிண்ணம் ஒளியால் நிரம்பினால் கதவு திறக்கும். நீலத் தொப்பி போட்ட சிறுபெண் வெளியே நடந்து போவாள். இரண்டு கதிரும் வந்தால்தான் வழிவிடும் வாயில், எது வந்தாலும் வழிவிடும் வாயில், கதிர் வந்தால் அணைந்துபோகும் மறுப்பு வாயில், இவற்றையெல்லாம் நீ எனக்கு அரைமணி நேரம் பொறுமையாக விளக்கினாய். முப்பத்தெட்டு வருஷம் ரிலே அறையில் நான் செய்தது அதைத்தான் என்று நான் குறுக்கிடவில்லை. நீ விளக்கிய விதம் நன்றாக இருந்தது. மறுவாரமும் விளக்கச் சொன்னேன்.

முப்பது அறைகள்வரை சிரமம் இருந்தாலும் ஓடிவிட்டது. முப்பத்தொன்றில் முதல் இடைஞ்சல் காற்று. உலான் காற்று மலையிடுக்கிலிருந்து கிளம்பினால் நம் தெருவில் மின்கம்பங்கள் ஒன்றுக்கொன்று வணக்கம் சொல்லும் என்பது உனக்குத் தெரியும். மூன்றாவது கண்ணாடியைத் திருப்பும்போதெல்லாம் கரண்ட் போய்விடும், லேப்டாப்பின் பேட்டரியோ எனக்கு முன்பே ஓய்வுபெற்றுவிட்டது, ஆகவே ஒவ்வொரு தடவையும் முதல் அறையிலிருந்து தொடங்கினேன். நடுவில் சேமித்து வைக்க நீ ஒரு பொத்தான் வைத்திருக்கிறாய் என்பது ஏப்ரலில்தான் தெரியவந்தது. அதற்கும் விளையாட்டைக் குறை சொல்ல முடியாது. பொத்தான் பெரிதாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது, நிறம். முப்பதுவரை கதிர் பச்சை. முப்பத்தொன்றில் சிவப்பு. சிவப்பு எரியும்போது கதவைத் திறந்து ஒரு பெண்ணை அனுப்புவது என் கையால் நடக்காது. விளையாட்டுதான், தெரியும். ரயில்வேயிலும் ஒவ்வொரு விபத்துக்கு முன்னாலும் யாரோ ஒருவர் இதெல்லாம் ஒரு விஷயமா என்றுதான் சொல்லியிருக்கிறார். சிவப்பைக் கடக்க ஸ்டேஷன் மாஸ்டரின் எழுத்து உத்தரவு வேண்டும். ஆகவே பழைய ஸ்டேஷன் மாஸ்டர் இஷென்பாய் வீட்டுக்குப் போனேன். அவர் ஓய்வுபெற்றுப் பதினோரு வருஷமாகிறது, ஆனால் தொப்பியை இன்னும் கழற்றவில்லை.

"இஷென்பாய், சிவப்புல ஒரு ஆளை அனுப்பணும்" என்றேன்.

"எந்த லைன்ல?"

"லைன் இல்ல. லேப்டாப்ல."

"அது எந்த ஸ்டேஷன் எல்லைக்குள்ள வருது?"

"என் வீட்டு மேஜைமேல இருக்கு."

"அப்ப நம்ம எல்லைதான். எழுதித் தர்றேன். மேலேர்ந்து யாராச்சும் கேட்டா நீயாச்சு."

முத்திரையைக் கண்டுபிடிக்க அவருக்கு மூன்று வாரம் பிடித்தது. அது ஊறுகாய் ஜாடிக்கு மூடியாக இருந்தது. உத்தரவின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்: "31ஆம் அறையில் நீலத் தொப்பி அணிந்த நபர் ஒருவர் சிவப்பைக் கடந்து செல்லலாம். வேகம் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு மிகாமல்." அந்தப் பெண் அதைவிட மெதுவாகத்தான் நடக்கிறாள் என்பதைக் கடிகாரம் வைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

சரி, உத்தரவு கைக்கு வந்துவிட்டது, இனி என்ன தடை என்று நினைத்துக் கதிரைக் கொண்டுபோய்க் கிண்ணத்தில் விட்டுக்கொண்டிருக்கும்போது, பாலாடை பிரிக்கிற இயந்திரத்தைக் கேட்டு வந்த கல்புபு அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள்.

"என்ன ஒமுர்குல் பண்றே? கிண்ணத்தை விளிம்புவரைக்கும் நிரப்புறியே. அந்தப் பொண்ணைப் போன்னு சொல்றியா?"

"அக்கா, இது விளையாட்டு. நிரம்பினாத்தான் கதவு திறக்கும்."

"அதைத்தான் நானும் சொல்றேன். நிரப்பினா எந்திரிச்சுப் போயிடுவா. கால் கிண்ணம் ஊத்து. குடிச்சிட்டு இன்னும் கொஞ்சம்னு கேப்பா. மறுபடி கால் கிண்ணம். ஒரு ஆளை வீட்ல இருக்கவைக்கிறது அப்படித்தான். உன் பொண்டாட்டி இதைக்கூட உனக்குச் சொல்லித் தராமலா போய்ச் சேர்ந்தா?"

அவள் சொன்னதில் எனக்குத் தப்பொன்றும் தெரியவில்லை. உன் அம்மா யாருக்கும் கால் கிண்ணத்துக்கு மேல் டீ ஊற்றி நான் பார்த்ததில்லை. வந்தவர்கள் சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே கதிரைப் பிளக்கிற கண்ணாடியை நடுவில் வைத்து, கிண்ணத்தில் கால் பங்கு மட்டும் ஒளி விழும்படி செய்துவிட்டுக் காத்திருந்தேன். நான்கு நாள். கல்புபு அக்கா காலையில் பசுவைக் கறந்துவிட்டு வேலிக்கு மேல் எட்டிக் கேட்பாள்: "கேட்டாளா?"

"இல்லக்கா."

"கூச்சப்படுறா. புது இடம். தனியா வந்திருக்கா வேற."

அந்தப் பெண் கேட்கவில்லை. கிண்ணமும் நிரம்பவில்லை. கதவும் திறக்கவில்லை. இதைத்தான் நான் போனில் உன்னிடம் "முப்பத்தொன்றில் நிற்கிறேன்" என்று சுருக்கமாகச் சொன்னேன். நீ அதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடிகளை இடம் மாற்றினாய், ஒரு வாயிலைத் தூக்கினாய், இன்னொன்றைப் போட்டாய், ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நான் பார்க்கும்படி திரையில் கோடு போட்டுக் காட்டினாய். முன்பெல்லாம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை "நல்லா இருக்கீங்களாப்பா, சாப்டீங்களா, சரி, வச்சிடறேன்" என்பதோடு முடியும். குறையாகச் சொல்லவில்லை, நீ எவ்வளவு உழைத்தாய் என்பதற்காகச் சொல்கிறேன். உழைத்தது போதும். அந்த அறையைத் தொடாதே. முன்பு இருந்தபடியே வைத்து, சொன்ன தேதியில் வெளியிட்டுவிடு. மிச்ச அறைகளை நான் மெல்ல மெல்லப் பார்த்துக்கொள்கிறேன். என்னைப் போன்ற ஒரு கிழவனின் மந்தபுத்திக்காக ஒரு கம்பெனியே நிற்க வேண்டியதில்லை.

ஜூலையில் வந்தால் ஏரித் தண்ணீர் குளிக்கும்படி இருக்கும் என்பதைத் தகவலாக மட்டும் எழுதுகிறேன். ஆப்ரிகாட் இந்த வருஷம் உறைபனியில் தப்பிவிட்டது. உன் அறைக் கதவு வீங்கி மூடாமல் இருந்தது, இழைத்துச் சரிசெய்துவிட்டேன்.

உன் வழி வெள்ளையாக, தடங்கல் இல்லாமல் இருக்கட்டும். உன் மேலதிகாரிக்கு என் மரியாதையைச் சொல். வெந்நீர்க் குழாயின் வாஷரை மாற்றச் சொல். அது எங்கே வாங்கினாலும் ஒரே அளவுதான்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஒமுர்குல்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். மேலே உள்ளது உன் அலுவலகத்துக்கு. இது உனக்கு. கரண்ட் மொத்தமாக இரண்டு தடவைதான் போனது. சேமிக்கும் பொத்தானை முதல் நாளே பார்த்தேன். இஷென்பாயின் சீட்டு நிஜம், ஆனால் நீ கேட்டால் சொல்ல ஒரு காரணம் இருக்கட்டும் என்று வாங்கி வைத்தது. கல்புபு அக்கா வந்தபோது நான் அந்த அறையை மூன்றாவது முறையாக முடித்துக்கொண்டிருந்தேன். முதல்முறை முடித்தது ஜனவரி 26 அன்று, இருபது நிமிஷத்தில். மறுப்பு வாயிலை இரண்டாவது கண்ணாடிக்கு முன்னால் நகர்த்தினால் போதும், அழகான வேலை. பிப்ரவரிக்குள் நாற்பதும் ஆயிற்று. நீ மாற்றி அனுப்பிய முப்பத்தொன்றுகளையும் முடித்தேன், பழையதுதான் நன்றாக இருக்கிறது. நான் சிக்கிக்கொண்டால் நீ கூப்பிடுகிறாய், அதனால் சிக்கிக்கொண்டேன். ஆனால் உன்னைக் கூப்பிடவைக்கிற கம்பியும் உன்னை வரவைக்கிற கம்பியும் ஒன்று எரிந்தால் மற்றது அணைந்துபோகும்படி இணைத்துவிட்டேன் என்பது போன ஞாயிறு நீ சொன்ன பிறகுதான் புரிந்தது. ரிலே அறையில் இப்படி ஒரு இணைப்புப் போட்டிருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஆகவே தாராளமாக வெளியிடு. இனி ஞாயிற்றுக்கிழமை மூன்று நிமிஷம் போதும்.

விளையாட்டில் உண்மையாகவே ஒரே ஒரு குறை உண்டு. நாற்பது அறையிலும் அந்தப் பெண் கதவைத் தாண்டும்போது ஒருமுறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதை முடிந்தால் சரிசெய். அவசரமில்லை, ஜூலையில் வந்துவிட்டுத் திரும்பிப் போய்ச் செய்துகொள்ளலாம்.